முறைக்கு வந்த கோலாட்டம்

எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு டெல்லிக்காரர்களிடம் வேலை கிடைத்தது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். எனக்குக் கிடைத்தது. மூன்று மாதம் இருந்தது.

நடனத்தை வளர்ப்பதற்கென்று டெல்லியில் ஒரு தேசிய மன்றம் இருந்தது. சபா மேடைகளில் ஆடுகிறவர்கள் மட்டும் ஆடினால் போதாது, மலை, காடு, கடற்கரை என்று எங்கெங்கோ இருக்கிற சனங்களின் ஆட்டத்தையும் தேடிப் பார்த்து மேடையேற்ற வேண்டும் என்பது அதன் கொள்கை. அதற்காக எங்கள் பக்கம் ஒரு அம்மா வந்தார். எண்பதுகளின் தொடக்கம் அது. எளாவூர் சோதனைச் சாவடிக்கு எதிரே ஒரு டீக்கடையில் நான் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தேன். அதற்கு முன் லாரி கிளீனர், அதற்கும் முன் அரிசி மில்லில் மூட்டை. தமிழும் தெலுங்கும் பேசுகிற, படகில் ஏறப் பயப்படாத ஆள் வேண்டும் என்றார் அந்த அம்மா. கையைத் துடைத்துக்கொண்டு அப்போதே கிளம்பினேன். கடைக்காரர் திட்டியது பஸ் நகரும்வரை கேட்டது.

டேப் ரெக்கார்டரைத் தூக்குவதும், அந்த அம்மா கேட்பதைத் தெலுங்கில் கேட்பதும் என் வேலை. பழவேற்காடு ஏரியைச் சுற்றிப் பத்து ஊர் பார்த்தோம். கடைசியில் கோட்டைக்குப்பத்தைத் தாண்டி ஒரு சின்னக் குப்பத்தில் அம்மன் திருவிழா. ஆண்கள் இரண்டு வரிசையாக நின்று கோலாட்டம் ஆடினார்கள். பாட்டு பாதி தமிழ், பாதி தெலுங்கு. எல்லையில் இருக்கிறவர்களுக்கு அதில் ஒரு வித்தியாசமும் தெரியாது. அந்த அம்மாவுக்குக் கண் விரிந்துவிட்டது. ஊர்த் தலைவரை அங்கே நாட்டார் என்பார்கள். அவரிடம், "பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து வையுங்க. மெட்ராஸ்ல கமிட்டி முன்னாடி ஆடணும். தேறினா டெல்லி" என்று சொல்லிவிட்டு வந்தோம்.

இரண்டு வாரம் கழித்துப் போனபோது பன்னிரண்டு பேர் நின்றார்கள். ஆனால் திருவிழாவில் எல்லோரையும்விட நன்றாக ஆடியவர், கவிழ்த்துப் போட்ட படகின்மேல் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"அவர் ஏன் அங்க உக்காந்திருக்கார்?" என்று கேட்டார் அந்த அம்மா.

"அவன் முறை இல்லம்மா" என்றார் நாட்டார்.

அந்த ஏரியில் முகத்துவாரத்தை ஒட்டிச் சில இடங்களில்தான் இறால் நன்றாக விழும். அங்கே நினைத்தவன் நினைத்த நாளில் வலை கட்ட முடியாது. ஊரில் வரி கொடுக்கிற ஆண்களின் பெயரை வரிசையாக வைத்து, முறை போட்டுக் கட்டுவார்கள். அதற்குப் பாடு என்று பெயர். கோலாட்டத்துக்கும் நாட்டார் பாடு போட்டுவிட்டார்.

"ஏரி பொது. அப்போ டெல்லியும் பொதுதானேம்மா? புது வேட்டி, ரயிலு, மெட்ராஸுல சாப்பாடு. இதெல்லாம் ஆடத் தெரிஞ்சவனுக்கு மட்டும்னா, மத்தவன் இன்னா வரி குடுக்கலியா?"

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் ஏரியைப் பார்த்தேன்.

பதினோரு பேர் பரவாயில்லை. பன்னிரண்டாவது ஆள்தான் சிக்கல். நாற்பத்தைந்து வயதிருக்கும், வலை இழுத்து இழுத்துத் தோள் இறுகிய மனிதர். தாளம் அவர் காதில் ஏறவே இல்லை. எல்லோரும் கோலை உயர்த்தும்போது இவர் இறக்குவார். அவருக்கு ஜோடி அவர் மனைவியின் தம்பி. இருவருக்கும் இரண்டு வருடமாகப் பேச்சில்லை. பெயர் வரிசைப்படி நிறுத்தியதால் எதிரெதிரே வந்துவிட்டார்கள்.

"இந்த ஒருத்தரை மட்டும் மாத்தச் சொல்லு. நீ பேசினா கேப்பார்" என்று அந்த அம்மா என்னை அனுப்பினார்.

அந்தப் பன்னிரண்டாவது ஆள் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து வலையிலிருந்து நண்டு பிரித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நாள் கூத்துதானே அண்ணே. படகுமேல உக்காந்திருந்தாரே, அவரு போவட்டுமே" என்றேன்.

நண்டைக் கூடையில் போட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார். "ரெண்டு வருசம் முன்னாடி எம் மச்சான் பாட்டுல, அவன் மொறை அன்னிக்கு, நான் போயி வலை கட்டிட்டேன். வூட்டுல அரிசி இல்ல, கட்டிட்டேன். ஊரு என் பேர எடுத்துட்ச்சு. ஆரம்பாக்கத்துல சூளைல மண்ணு மிதிச்சேன். பஸ்ஸுல போறப்ப ஏரி தெரிஞ்சா மூஞ்ச திருப்பிக்குவேன். இந்தத் திருவிழாவுலதான் மன்னிச்சு, பேர சேத்தாங்க. அதுக்கப்பறம் எனக்கு வர்ற மொத மொறை இது. இத வுட்டுக் குடுத்தா, நாளைக்கு எறா மொறை வர்றப்ப 'அன்னிக்கு அவன்தானே போனான், இப்பவும் அவனே போவட்டும்'னு சொல்ல எவ்ளோ நேரம் ஆவும்? நான் போறேன் நைனா. கை ஒடஞ்சாலும் போறேன்."

"யாரு கை அண்ணே?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை.

நான் போய் அப்படியே சொன்னேன். அந்த அம்மா பென்சிலால் நெற்றியைத் தட்டிக்கொண்டே, "சரி, பழக்குவோம்" என்றார். பத்து நாள் மணலில் பழக்கினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று தொண்டை கட்டக் கத்தினார். அவரும் சளைக்கவில்லை. காலையில் நான் பல் விளக்கப் போகும்போது படகு கட்டும் முளையோடு தனியாகக் கோலாட்டம் ஆடிக்கொண்டிருப்பார். முளை பாவம், திருப்பி அடிக்காது.

மெட்ராஸுக்குப் பழவேற்காட்டிலிருந்து பஸ், பொன்னேரியிலிருந்து ரயில். பெரிய மண்டபம். முன்வரிசையில் கமிட்டி. எங்களுக்கு முன்னால் மலைக்காரர்கள் ஆடிவிட்டு இறங்கினார்கள், நல்ல கைதட்டல். எங்கள் ஆட்டம் மெதுவாகத் தொடங்கியது. பன்னிரண்டாவது ஆள் உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டே ஆடினார், சரியாகவே ஆடினார். பக்கவாட்டில் நின்றிருந்த அந்த அம்மா என் முழங்கையைப் பிடித்திருந்தார். பாட்டு வேகமெடுத்தது. எண்ணிக்கை தவறிவிட்டது.

சத்தம் மைக்கில் தெளிவாகக் கேட்டது. மச்சினன் விரலில் விழுந்த அடி. அவன் கோல் கைநழுவி உருண்டு கமிட்டிக்காரர் ஒருவரின் காலடியில் போய் நின்றது. பின்னால் வந்த ஜோடி இவர்கள்மேல் மோதியது. இரண்டு வருடமாக வாய் திறக்காத மச்சினன் அந்த மேடையில்தான் திறந்தான்.

"யோவ் மாமா! கோலத்தான் அடிக்கணும்!"

மண்டபம் முழுக்கச் சிரிப்பு. கமிட்டிக்காரர் கோலை எடுத்துக் கொடுத்தார். மீதிப் பாட்டை எப்படியோ ஆடி முடித்தார்கள். டெல்லிக்கு மலைக்காரர்கள் போனார்கள். அந்த அம்மா என்னிடம், "போகட்டும். வேட்டியை அவங்களே வச்சுக்கட்டும்" என்றார். கோபப்பட்டிருக்கலாம், படவில்லை.

திரும்பும் ரயிலில் பதினோரு பேரும் மெட்ராஸ் சாம்பாரைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். அவர் மட்டும் கதவுப் பக்கம் நின்றார். "ஊரு பேரக் கெடுத்துட்டேன். நாட்டார் எடுக்கறதுக்கு முன்னாடி நானே பேர எடுத்துடச் சொல்லிடறேன். சூளை இருக்குது" என்றார் என்னிடம். சூளை வேலை எனக்கும் தெரியும், அதைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தோம்.

கரையில் நாட்டார் காத்திருந்தார். நடந்ததை மச்சினன் துணி சுற்றிய விரலைக் காட்டி, நடித்தே சொன்னான். எல்லோரும் சிரித்து முடித்தபின் அடித்தவர் முன்னால் வந்து, "பேர எடுத்துருங்க" என்றார்.

நாட்டாருக்கு விளங்கவில்லை. "எதுக்கு? போனியா?"

"போனேன்."

"ஆடுனியா?"

"ஆடுனேன்."

"அப்போ உன் மொறை முடிஞ்சுது. வலையில ஒண்ணும் விழலேன்னா அது மொறை இல்லேன்னு ஆயிடுமா? எத்தினி பேரு வெறும் வலைய இழுத்துனு வந்திருக்கான், எவன் பேர எடுத்தேன்?" என்றார் நாட்டார். "எறா மொறை அடுத்த செவ்வாக்கெழமை உனக்கு. கழி கிழி இருக்குதா, இல்ல அதுவும் வித்துட்டியா?"

அவர் வீட்டைப் பார்த்து நடந்தார். நடந்தார் என்பது சரியில்லை, கிட்டத்தட்ட ஓடினார்.

படிவத்தில் அந்த அம்மாவுக்காகச் சில விவரங்கள் எழுதி வாங்க நான் ஒரு நாள் தங்கினேன். மறுநாள் காலை அவர் வாசலில் வலைக்குக் கழி சீவிக்கொண்டிருந்தார். மச்சினன் எதிரில், அரிவாளுக்கு எட்டாத தூரத்தில், குந்தி உட்கார்ந்திருந்தான்.

"கிட்ட வாடா, இந்தக் கழியப் புடி."

"நீ மொதல்ல அரிவாள கீழ வை மாமா. எனக்கு மீதி ஒம்போது வெரல்தான் கீது."