மூக்கால் குடித்த ஐந்து மாதங்கள்

தாய்லாந்துக் குழம்புக்கும் ஜப்பான் சுஷிக்கும் எந்த ஒயின் சேரும் என்று சொல்வது உலகத்தில் ஒரு வேலை. அதை ஆம்பூரில், ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத என் தலையில் கட்டினார்கள்.

தோலும் ஷூவும் செய்து விற்கிற எங்கள் கம்பெனியின் கெஸ்ட் ஹவுஸில் ஒரு சாப்பாட்டு அறை உண்டு. சின்ன முதலாளி பாங்காக் போய்வந்த கையோடு திறந்தது. சரக்கு வாங்க வரும் வெளிநாட்டு பையர்களும் உள்ளூர்ப் பெரிய மனிதர்களும் வருவார்கள். அங்கே மது விற்பதில்லை, அதனால் பாட்டிலை அவரவரே கொண்டுவர வேண்டும். வந்த பாட்டிலைப் பார்த்து, அதற்கு எது சேரும் என்று சமையலறைக்குச் சொல்லி, திறந்து ஊற்றுவது என் பொறுப்பு.

அதற்கு முன் பதினோரு வருஷம் நான் அசார்ட்டிங் டேபிளில் நின்றவள். தோலைத் தடவிப் பார்த்து, மோந்து பார்த்துத் தரம் பிரிக்கிற வேலை. கார்த்திகை மழையில், ஷூவுக்கு உள்பக்கம் ஒட்டுகிற லைனிங் தோல் ஒரு லாட் வந்தது. கண்ணுக்குச் சுத்தமாக இருந்தது, மூக்குக்குப் பூஞ்சணம் அடித்தது. அனுப்பாமல் நிறுத்தச் சொல்லி சிலிப்பில் ‘ஹோல்டு’ என்று எழுதி வைத்தேன். புரொடக்‌ஷன் மேனேஜர் பாஸ்கரன் சார் வந்தார். “கண்ணுக்குத் தெரியுதா ஸ்டெல்லா?” என்றார். “தெரியல சார், மோந்தா தெரியும்” என்றேன். “பையர் மோந்து பார்த்தா வாங்கறான்?” என்று கேட்டுவிட்டு, லாட்டைத் துடைக்கச் சொல்லி, வாசனை ஸ்பிரே அடித்து, கப்பலேற்றி அனுப்பினார். அடுத்த வாரமே என்னை கெஸ்ட் ஹவுஸுக்கு மாற்றினார். எனக்கு இங்கிலீஷ் வருமாம், மூக்கும் நீளமாம், ஒயினுக்குப் பொருத்தமாம்.

எனக்கு வேண்டியதெல்லாம் என் டேபிள் ஒன்றுதான். அது திரும்பக் கிடைக்க பாஸ்கரன் சார் மனசு வைக்க வேண்டும். ஒன்றும் தெரியாதவர் பேச, தெரிந்தவர் தலையாட்டிச் சம்பளம் வாங்கும் சக பாவிகளே, உங்களுக்குத்தான் இதையெல்லாம் சொல்கிறேன்.

கடுக்காய்த் தண்ணீர்

எனக்குப் பாடம் எடுக்கச் சென்னை ஹோட்டலிலிருந்து ஒருவர் இரண்டு நாள் வந்தார். சிவப்பு ஒயினில் டானின் என்று ஒன்று இருக்கிறது, அது நாக்கைத் துவர்க்க வைக்கும் என்று பெரிய ரகசியம்போலச் சொன்னார். கடுக்காயும் ஆவாரம்பட்டையும் ஊறவைத்துத் தோல் பதனிட்ட ஊருக்கு வந்து துவர்ப்புக்கு வகுப்பு எடுத்த மகான் அவர். ஒன்று மட்டும் உருப்படியாகச் சொன்னார். காரமும் துவர்ப்பும் சேர்ந்தால் வாய் எரியும், காரத்துக்குக் கொஞ்சம் இனிப்பான வெள்ளை ஒயின்தான் சரி.

முதல் வாரமே வாணியம்பாடி பக்கத்து ஷூ முதலாளி ஒருவர் கெட்டியான சிவப்பு ஒயினோடு வந்து, பச்சை மிளகாய் அரைத்த தாய்லாந்துக் குழம்பு கேட்டார். ஒரு வாய் குழம்பு, ஒரு வாய் ஒயின். முகம் சிவந்து, காது சிவந்து, கண்ணில் தண்ணீர் கொட்டியது. எரிச்சலை அணைக்க மேலும் ஒயினைக் குடித்தார். “சார், இந்தக் குழம்புக்கு வெள்ளை ஒயின் இருந்தா எரியாது” என்றேன். கர்ச்சீப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஏம்மா, காரம் ஜாஸ்தின்னா சமையல்காரனைக் கேளு. ஒயினைத் தப்பு சொல்லாத, அது ஏர்போர்ட்ல வாங்கினது.”

மீன் மேல் பழி

சமையல்காரர் லால் மிசோரம்காரர். ஆறு வருஷமாக ஆம்பூரில் இருக்கிறார், இந்த ஊர்த் தமிழை என்னைவிட நன்றாகப் பேசுவார். ஆனால் சாப்பிட வருகிறவர்கள் அவரை ஜப்பான்காரர் என்று முடிவு கட்டிவிடுவார்கள். வேலூர் ஆடிட்டர் ஒருவர் நெஞ்சில் கை வைத்து இடுப்பு வரை குனிந்து வணக்கம் சொன்னார். லால் கையிலிருந்த கத்தியை வைத்துவிட்டு, “வாங்க சார், குந்துங்க” என்றார். ஆடிட்டருக்கு அது காதிலேயே விழவில்லை.

அதே ஆடிட்டர் சுஷிக்கும் சிவப்பு ஒயின்தான் கொண்டுவந்திருந்தார். பச்சை மீனும் சிவப்பு ஒயினும் வாய்க்குள் சந்தித்தால் துருப்பிடித்த ஆணியை நக்கியதுபோல இருக்கும் என்று ஏற்கெனவே இரண்டு பையர்கள் சொல்லியிருக்கிறார்கள். பாட்டிலைத் திறக்கும்முன் சொன்னேன். கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். இரண்டாவது துண்டிலேயே முகத்தைச் சுளித்து, மீன் கெட்டுப்போய்விட்டது, இரும்பு வாடை அடிக்கிறது, ஜப்பான்காரரைக் கூப்பிடு என்று கத்தினார். தட்டைச் சமையலறைக்குத் திருப்பி எடுத்துப் போனேன். லால் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, நிதானமாக மென்றுவிட்டுச் சொன்னார்: “மீன் காலைலதான் ஐஸ்ல வந்துச்சுக்கா. கெட்டுப்போனது அந்தாளு வாயி.”

சபையில் கேட்ட கேள்வி

ஸ்டெல்லா பாரில் வேலை செய்கிறாள் என்று எங்கள் சபையில் பேச்சு வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பாஸ்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அது பார் இல்லை, நான் குடிப்பதும் இல்லை, மோந்து பார்த்து எந்தச் சாப்பாட்டுக்குச் சேரும் என்று சொல்வது மட்டும்தான் என்று விளக்கினேன். பதினோரு வருஷம் தோலை மோந்து பார்த்தபோது கவலைப்படாத சபைக்கு, இப்போது என் மூக்கைப் பற்றி இவ்வளவு கவலை. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு பாஸ்டரம்மா சொன்னார்: “மூக்கால குடிச்சாலும் குடிதானே ஸ்டெல்லா?”

தோல் வாசனை

பாஸ்கரன் சார் எல்லா விருந்துக்கும் வந்துவிடுவார். போனில் பாட்டிலின் பெயரைத் தட்டி, அதில் வருவதை மனப்பாடம் செய்துகொண்டு மேஜைக்கு வருவார். ஒருநாள் கிளாஸுக்குள் மூக்கை விட்டு, கண்ணை மூடி, “ஆஹா, பழைய தோல் வாசனை, நனைஞ்ச மண்ணு, கொஞ்சம் புகையிலை” என்றார். மேஜையில் இருந்த நாலு பேரும் ஆளுக்கொரு முறை மோந்து, தோல்தான், தோலேதான் என்று தலையாட்டினார்கள். உண்மையான தோலை மோந்து பார்க்காமல் கப்பலேற்றிய மனிதர் திராட்சைச் சாற்றில் தோலைக் கண்டுபிடிக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டேன்.

ராணிப்பேட்டையிலிருந்து வந்திருந்த கெமிக்கல் வியாபாரி மட்டும் மோரோடு உட்கார்ந்திருந்தார். நாள் முழுக்கத் தோல் பதனிடும் டேனரிகளில் அலைகிறவர், அன்றும் சட்டையில் டேனரி வாடையோடுதான் வந்திருந்தார். எல்லோரும் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து அவர் கேட்டார்: “தோல் வாசனதான் வேணும்னா தோல் ஊறுற டிரம் கிட்ட வந்து நில்லுங்க சார். பாட்டில் இன்னாத்துக்கு?”

ஸ்குவாஷ் பாட்டில்

கிறிஸ்துமஸ் விருந்துக்குச் சின்ன முதலாளி டிரைவர் தேவராஜ் அண்ணனையும் மேஜையில் உட்காரச் சொன்னார். பாட்டில் கொண்டுவர வேண்டும் என்பது விதியாயிற்றே, அண்ணன் தன் மனைவி வீட்டில் போட்ட திராட்சை ஒயினை ஒரு ஸ்குவாஷ் பாட்டிலில் கொண்டுவந்தார். பாஸ்கரன் சார் அதை இரண்டு விரலால் தூக்கி, “இன்னா தேவராஜ், இருமல் மருந்தா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் பாட்டிலைத் தன் நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

மிஷின் பழுது பார்க்க வந்திருந்த ஜெர்மன்காரர் அன்று அந்தப் பச்சைக் குழம்பில் மாட்டிக்கொண்டு மூச்சு வாங்கினார். அண்ணனிடம் கேட்டு, ஸ்குவாஷ் பாட்டிலை மோந்து பார்த்தேன். கிராம்பும் பட்டையும் நல்ல இனிப்பும் வந்தது. கொஞ்சம் ஊற்றினேன். ஜெர்மன்காரர் ஒரு வாய் குடித்தார், ஒரு வாய் குழம்பு சாப்பிட்டார், மறுபடி கிளாஸை நீட்டினார். மேஜையில் இருந்த சீமைப் பாட்டில் எதையும் அவர் அதன்பிறகு திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் எழுந்து போய் தேவராஜ் அண்ணனின் கையைக் குலுக்கினார். பாஸ்கரன் சார் நடுவில் புகுந்து ஜெர்மன்காரரின் தோளைத் தட்டினார். “காரத்துக்கு இனிப்புதான் சேரும். நானும் இதைத்தான் சொல்ல வந்தேன்.”

வாயை மூடிக்கொண்டு ஊற்று

ஏப்ரலில் இத்தாலிக்கார பையர் வந்தார். எங்கள் லைனிங் தோலில் பாதியை வாங்குகிறவர். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் பாஸ்கரன் சார் சமையலறைக்கே வந்தார். “காலைல பையரோட மீட்டிங்குல ஒரே பேஜாரு. சின்ன முதலாளி அவருக்குன்னே ரொம்பப் பழைய பாட்டில் ஒண்ணு வச்சிருக்காரு. நீ வாயைத் தொறக்காம ஊத்து. திங்கக்கிழமை உன்ன டேபிளுக்கு அனுப்பிடறேன்” என்றார். ஐந்து மாதமாக நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை.

கார்க்கை உருவினேன். குப்பென்று வந்தது அந்த வாடை. மழையில் நனைந்த அட்டைப்பெட்டி, ஈரத்தோடு அடுக்கிய தோல். சில பாட்டில்களில் கார்க் கெட்டு அப்படி ஆகும் என்று சென்னைக்காரர் சொல்லியிருந்தார். ருசி பார்க்கச் சின்ன முதலாளிக்கும் பாஸ்கரன் சாருக்கும் ஊற்றினேன். முதலாளி ஒரு வாய் குடித்து, கொஞ்சம் யோசித்து, “நல்லாருக்கு” என்றார். “சூப்பர் சார், பழைய காடு மாதிரி ஒரு மணம்” என்றார் பாஸ்கரன் சார். அடுத்து பையரின் கிளாஸ். ஊற்றிவிட்டால் திங்கட்கிழமை டேபிள். நான் பாட்டிலைச் சாய்த்தேன், நிமிர்த்தினேன். “மன்னிக்கணும் சார். இதுல பூஞ்சணம் அடிக்குது” என்று இங்கிலீஷிலேயே சொன்னேன்.

சின்ன முதலாளி என்னை முறைத்தார். “இவளுக்கு எதை மோந்தாலும் பூஞ்சணம்தான் சார்” என்று பாஸ்கரன் சார் தமிழில் சிரித்தார். பையர் முதலாளியின் கிளாஸை வாங்கி மோந்தார். கீழே வைத்தார். பிறகு தன் பையைத் திறந்து, கையளவு லைனிங் தோல் ஒன்றை எடுத்து கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் மாற்றி மாற்றி மோந்தார். “ஒரே நாற்றம். பேக்கிங்கின்போது இதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது, கப்பலில் பிடித்த பூஞ்சணமாகத்தான் இருக்கும் என்று காலையில் உங்கள் மேனேஜர் சொன்னார். இந்த அம்மா மட்டும் எப்படிக் கண்டுபிடிக்கிறார்?” என்று கேட்டார்.

சின்ன முதலாளி அந்தத் தோலையே பார்த்துக்கொண்டிருந்தார். “இந்த லாட்டை யாரு பார்த்தது?” என்றார். பாஸ்கரன் சார் தண்ணீர் குடித்தார். “நான்தான் சார். ஹோல்டு போட்டேன். அதுக்குத்தான் என்ன இங்க மாத்திட்டாங்க” என்றேன். பையருக்குப் புரிய வேண்டுமே என்று அதையே இங்கிலீஷிலும் ஒருமுறை சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது, அதை நான் மறைக்கவில்லை. பையர் கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டு முதலாளியிடம் சொன்னார்: “அப்படியானால் நல்ல மூக்கைச் சாப்பாட்டு அறையில் வைத்துக்கொண்டு, கெட்ட தோலை எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள்.”

திங்கட்கிழமை நான் டேபிளுக்குத் திரும்பினேன், பாஸ்கரன் சார் இன்னும் மேனேஜராகவே இருக்கிறார், ஸ்டெல்லாவுக்கு அந்த மூக்கைப் பழக்கிவிட்டதே தான்தான் என்று வருகிற பையர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.