இடது பின் சக்கரத்தின் மேல் வேலம்மாள்

"மண்ணுக்கு ஒண்ணு, தாருக்கு ஒண்ணுன்னு டயர் மாத்துறவனெல்லாம் டிரைவர் இல்லீங்க, செருப்புக் கடைக்காரன். என் வண்டி பன்னெண்டு மாசமும் ஒரே ரோடு டயர்ல இந்த மலை பூராவும் போவும். போவாத அன்னிக்குச் சாவியைக் கழட்டி உங்க கையில குடுத்துட்டு, நான் போய்க் கடையில குந்திப் பொட்டலம் மடிக்கிறேன்."

இந்தப் பிரகடனத்தை அப்துல் ரஹீம் வெளியிட்டது 2009ஆம் ஆண்டு ஆவணி மாதம், ஏற்காடு பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், கையில் பாதி வடையுடன். சாட்சிகள் பதினோரு பேர். வடையின் சாட்சியம் சிறிது நேரத்தில் அழிக்கப்பட்டுவிட்டது.

கடைசி வாக்கியத்தின் பயங்கரம் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. ரஹீமின் அண்ணன் தம்பிகள் மூவரும் ஏற்காடு கடைவீதியில் வியாபாரம் செய்கிறவர்கள். மழை வந்தால் குடையை முன்னால் தொங்கவிடுவார்கள், பனி வந்தால் ஸ்வெட்டரைத் தொங்கவிடுவார்கள், கோடையில் டூரிஸ்ட்டு வந்தால் மிளகுப் பொட்டலத்தை அடுக்குவார்கள். பருவத்துக்குப் பருவம் மாறிக்கொள்ளும் இந்தப் புத்தியை எதிர்த்து இருபத்திரண்டு வயதில் கடையிலிருந்து வெளிநடப்புச் செய்தவர் ரஹீம். அன்று முதல் ஐம்பத்தொரு வயது வரை அவர் மாற்றிக்கொண்டது வண்டிகளை மட்டும்தான். கருத்துகளில் கை வைக்கவில்லை.

வண்டி ஒரு பழைய பிக்கப். வாரத்தில் ஐந்து நாள் காப்பி மூட்டையும் மிளகு மூட்டையும் ஏற்றிக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவுகளில் சேலத்துக்கு இறங்கி ஏறும். வெள்ளிக்கிழமை அதற்கும் அவருக்கும் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை அதன் உண்மையான வேலை. மஞ்சக்குட்டைக்கு மேலே மேல்காடு எஸ்டேட் என்று ஒன்று. அங்கே தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் பதினான்கு குடும்பங்கள். அவர்களைச் சந்தைக்குக் கூட்டி வந்து, அரிசி பருப்போடு திரும்பக் கொண்டுபோய் விடுவது ரஹீம் ஒருவர்தான். மஞ்சக்குட்டை வரை தார். அதற்கு மேல் நாலு கிலோமீட்டர் செம்மண். கடைசியில் ஓர் ஏற்றம். காலையில் சனம் அதன் அடிக்கே இறங்கி வந்து வண்டி ஏறும்; மூட்டையோடு திரும்பும்போதுதான் வண்டிக்கு ஏற்றம். ரஹீம் வராத ஞாயிறு என்றால், அந்த ஏற்றத்தில் அரிசி மூட்டை தலையில் ஏறும்.

இவ்வளவு தாரும் இவ்வளவு மண்ணும் ஒரே வாரத்தில் வருகிற ஒருவருக்கு எந்த டயர் பொருத்தம் என்பது அறிஞர்கள் விவாதிக்க வேண்டிய விஷயம். அறிஞர்கள் கிடைக்காததால் சேலத்தில் டயர் கடை வைத்திருந்த பஷீர் அகமதுவே விவாதித்தார். தேய்ந்த டயருக்கு மறுபட்டை ஒட்ட வந்த ரஹீமின் முன் மூன்று டயர்களை உருட்டி நிறுத்தினார்.

"இது உங்க ரோடு டயர். தார்ல பிடிக்கும், சத்தம் இருக்காது, நொம்ப நாள் வரும். சேத்துல பள்ளமெல்லாம் மண்ணு அப்பிக்கிச்சுன்னா மொட்டை. இது பட்டன் டயர். கட்டை கட்டையா இருக்கிறதால மண்ணை உதறிட்டு ஏறும். ஆனா தார்ல ஊளையிடும், சீக்கிரம் கரையும், நனைஞ்ச வளைவுல வழுக்கும். அதனாலதான் உங்களுக்கு மூணாவதைச் சொல்றேன். நடுவுல பட்டை, ஓரத்துல பட்டன். ரெண்டுக்கும் ஆவும், வருஷம் பூரா கழட்ட வேண்டாம்."

ரஹீம் மூன்றாவதைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பெண் பார்க்கப் போன இடத்தில் பிடிக்கவில்லை என்றால் நடப்பது போன்ற நடை.

"ஏனுங்க பஷீர் பாய், இது எந்தக் கட்சி?"

"கட்சியா?"

"இந்தப் பக்கமும் பேசுது, அந்தப் பக்கமும் பேசுது. ரெண்டுங்கெட்டான். எம்பட வண்டியில இது ஏறாது."

மறுபட்டை ஒட்டிய ரோடு டயர்களோடு மலையேறிவிட்டார். பட்டனைப் பற்றி பஷீர் சொன்னதில் நியாயம் இருந்தது என்பதையும் வரலாற்றுக்காகப் பதிவு செய்கிறேன். மேல்காடு எஸ்டேட் மேனேஜரின் ஜீப் பட்டன் டயர் போட்டது. அந்த ஆவணி முடிவதற்குள், தூறல் விழுந்த பதினாலாவது வளைவில் அது தடுப்புச் சுவரைச் செல்லமாக முட்டியது.

முட்டிய மேனேஜர் அதிலிருந்து கற்றுக்கொண்ட பாடம் விசித்திரமானது. புரட்டாசி முதல் தேதியில் எஸ்டேட் கேட்டில் ஒரு நோட்டீஸ் தொங்கியது: 'பட்டன் டயர் இல்லாத வண்டிகள் உள்ளே வரக் கூடாது.' அடுத்து வந்த ஞாயிறு, கேட்டில் ரைட்டர் குழந்தைவேல் நின்றார். கணக்கு எழுதப் பிறந்தவர், அன்று எல்லையைக் காக்கும்படி ஆகிவிட்டது.

"நோட்டீஸைப் படிச்சீங்களா பாய்?"

"டயருக்குத்தானுங்க போட்டிருக்கு. டயரு படிச்சுக்கட்டும். எனக்கு நேரமில்ல."

"நான் சொல்லலீங்க. மேனேஜர் சொல்றாரு."

"அப்ப அவரை ஜீப்புல வந்து சொல்லச் சொல்லுங்க. வர்ற வழியில சொவரு எதும் இல்லாம பாத்து வரச் சொல்லுங்க."

பின்னால் உட்கார்ந்திருந்த லைன் சனம் சிரித்தது. குழந்தைவேலும் சிரித்துத் தொலைத்தார். சிரித்துக்கொண்டே தடுப்பது எழுத்து வேலைக்காரருக்குக் கைவராத கலை. வண்டி உள்ளே போய்விட்டது.

இனி ஏற்றத்தை அவர் வென்ற முறையைச் சொல்ல வேண்டும். தார் முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்தி, பின் டயர்களில் பாதிக் காற்றை இறக்குவார். டயர் தட்டையாகி மண்ணில் அகலமாகப் பதியும். அடுத்து, காப்பிப் பழம் பறிக்கிற வேலம்மாளை அழைப்பார். வேலம்மாள் பெரிய உடம்புக்காரி, நாற்பத்தைந்து வயது, வாய் உடம்பைவிடப் பெரிது. இடது பின் சக்கரத்துக்கு நேர் மேலே அவள் உட்கார வேண்டும். அந்தப் பக்கம்தான் சக்கரம் பிடிப்பு விட்டுச் சுழலும். வேறு யாரும் அங்கே உட்காரக் கூடாது.

"எங்க ஊட்டுக்காரரு கூட என்னை இப்படி எடம் பாத்து உக்கார வெச்சதில்ல," என்பாள் வேலம்மாள்.

"நீங்க ஏறுனாத்தானுங்க அம்மணி மலை எறங்குது," என்பார் ரஹீம்.

வண்டி ஏறும். திரும்பி வந்து, தார் ஓரத்தில் குந்தி, கைப் பம்பால் முக்கால் மணி நேரம் காற்றடிப்பார். போகிற வருகிறவர்கள் பஞ்சரா என்று கேட்டால், "உடற்பயிற்சி" என்று சொல்லிவிடுவார். புரட்டாசியின் நாலு ஞாயிறும் நோட்டீஸ் தோற்றது. டயரை மாற்றாமல் ஜெயித்த மனிதர் என்று டீக்கடையில் அவருக்குத் தனி மரியாதை. கேட்காமலே சர்க்கரை தூக்கலாக விழுந்தது.

ஐப்பசி வந்தது. மூன்று நாள் விடாத மழைக்குப் பிறகு வந்த ஞாயிறு. காற்று இறக்கியாயிற்று, வேலம்மாளும் தன் இடத்தில் அமர்ந்தாயிற்று. பாதி ஏற்றத்தில் டயரின் பள்ளங்களில் சேறு அப்பி, பஷீர் சொன்ன மொட்டை வந்து சேர்ந்தது. சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. பிறகு வண்டி, அவசரமே இல்லாமல், பின்னோக்கி இறங்கியது. ஆட்கள் குதித்தார்கள். வேலம்மாளுக்குக் குதிக்கிற உடம்பு இல்லை. ஒரு சில்வர் ஓக் மரம் வண்டியைப் பிடித்து நிறுத்தியபோது அவள் காப்பிச் செடிக்குள் கிடந்தாள். முழங்கை தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. அவளுடைய ஒரு வார அரிசி சேற்றில் கொட்டிக் கிடந்தது.

எல்லாரும் ரஹீமைப் பார்த்தார்கள். அவர் முகம் வெளிறியிருந்தது. ஆனால் இருபத்தொன்பது வருடத்துக் கொள்கை வாயை முந்திக்கொண்டது.

"டயர்ல ஒரு குத்தமும் இல்லீங்க. மண்ணு சரியில்ல."

வேலம்மாள் எழுந்து உட்கார்ந்து, அரிசியை மண்ணிலிருந்து பிரித்துப் பார்த்தாள். பிரியவில்லை.

"ஆமாங்க பாய். டயரு நல்ல டயருதானுங்க. எனக்குத்தான் கனம் பத்தல. இன்னும் ரெண்டு வருசம் நல்லாத் தின்னுபோட்டு வாறேன். அதுவரைக்கும் நடந்துக்கறேனுங்க."

சனம் சிரித்தது. ரஹீமும் சிரித்தார், கடைசி ஆளாக. சிரிப்பு முடிந்ததும் அவர்கள் மூட்டைகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு மேலே நடந்தார்கள். ஒருவர்கூட, அடுத்த ஞாயிறு வருகிறேன் என்று சொல்லவில்லை.

அந்த வாரம் டீக்கடையில் அவர் வழக்கம் போலத்தான் பேசினார். மண்ணைத் திட்டினார், மரம் நிற்கிற இடத்தைத் திட்டினார், சாவியைக் கேட்ட ஒருவரை நன்றாகவே திட்டினார். வியாழக்கிழமை மட்டும் சேலத்துக்குப் போனவர் வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் தாமதமாகத் திரும்பினார்.

அடுத்த ஞாயிறு விடிந்ததும், நடந்தே சந்தைக்குப் போவதென்று லைன் சனம் வெறும் பைகளோடு கிளம்பியது. மேல்காட்டில் வண்டியைப் பார்த்து அடையாளம் சொல்கிற வழக்கம் இல்லை. சேற்றில் தடத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். சோழி பரப்பியது போல இருந்தால் மேனேஜர் ஜீப். சடை பின்னியது போல இருந்தால் பால் வண்டி. நோட்டுப் புத்தகத்துக் கோடு போல இருந்தால் ரஹீம். அன்று தண்ணீர்த் தொட்டி அருகே, ஏற்றத்திலிருந்து நேராக, ஓரிடத்திலும் வழுக்காமல் மேலே வந்திருந்த தடம் இது எதிலும் சேரவில்லை. நடுவில் பட்டை, இரண்டு ஓரமும் பட்டன்.

"யாரோ புது வண்டிங்க," என்றார் ஒருவர்.

வேலம்மாள் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து முன்னால் நடந்தாள்.

தொட்டியைத் திரும்பியதும் பழைய பிக்கப் நின்றது. நாலு டயரிலும் பக்கவாட்டு எழுத்து தெரியாதபடி கைவிரல் பதிய மண் பூசியிருந்தது. புது டயரைப் பழைய டயராக்க எவ்வளவு பாடுபட வேண்டுமோ அவ்வளவும் பட்டிருந்தார். தடத்துக்கு மட்டும் பூச மறந்திருந்தார். மேனேஜர் கேட்ட பட்டன் டயரும் அது இல்லை என்பதால், அன்றும் நோட்டீஸை மீறித்தான் கேட்டைத் தாண்டியிருந்தார்.

ரஹீம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி ஏற்கெனவே சுத்தமாக இருந்தது.

வேலம்மாள் தடத்தைப் பார்த்தாள், டயரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். கட்டுப் போட்ட முழங்கையை மறு கையால் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போய், இடது பின் சக்கரத்துக்கு மேலே ஏறக் காலைத் தூக்கினாள்.

ரஹீம் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு முன் கதவைத் திறந்தார்.

"அங்க வேண்டாமுங்க அம்மணி," என்றார், தரையைப் பார்த்து. "முன்னால குந்துங்க."