ஒசாகாவுக்குப் போன ரெய்னர்ஸ் லேன் டிவி

வீடியோ கேம் சோதிப்பது என் தொழில் என்று சொன்னால் பெண் வீட்டார் தேநீரைக்கூட முடிக்காமல் எழுந்துவிடுவார்கள். அடுத்தவர் வேலையில் குற்றம் சொல்லிச் சம்பளம் வாங்கிய யாருக்கும் என் பாடு விளங்கும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒசாகாவிலிருந்த சின்னக் கம்பனியொன்றின் லண்டன் கிளையில் இருந்தேன். கிளை என்றால் நானும் மேலாளர் மொரியும்தான்.

ஊர்ந்த கார்

கம்பனியின் முந்தைய கேம்கள் படுத்துவிட்டன. இந்தக் கார்ப் பந்தயமும் படுத்தால் கடையைச் சாத்துவது என்று முடிவாகியிருந்தது. போட்டுப் பார்த்தேன், கார் ஊர்ந்தது. ஐரோப்பிய டிவி ஜப்பானிய டிவியைவிட மெதுவாகப் படம் மாற்றும். அதற்கேற்பத் திருத்தாவிட்டால், ஒசாகாவில் பறக்கும் கார் லண்டனில் மாட்டுவண்டிபோல ஊரும். பலர் அப்படியே விற்றார்கள். எனக்கு மனம் கேட்கவில்லை, விடாமல் புகார் எழுதினேன். தலைமைப் புரோகிராமர் சாயோகோவிடமிருந்து தொலைநகல் வந்தது: "இங்கே கார் நன்றாகத்தான் ஓடுகிறது."

கோடு போட்ட காசெட்

கண்ணால் கண்டால் நம்புவார்கள் என்று, கார் ஊர்வதை வீடியோ காசெட்டில் பதிந்து அனுப்பினேன். இங்கே பதிந்த காசெட்டும் ஜப்பானில் ஓடாது என்பது, அதே வித்தியாசத்தைப் பற்றித் தொண்டை வறளக் கத்திய எனக்கே உறைக்கவில்லை. சாயோகோ பொறுமையாகக் கேட்டிருந்தார்: "சாம்பல் கோடுகள் மட்டும் தெரிகின்றன. கேமில் இது எத்தனையாவது கட்டம்?"

பரமண்ணையின் கடை

அப்படியானால் டிவியையே அனுப்புவோம் என்றார் மொரி. லண்டனின் ரெய்னர்ஸ் லேனில் பழைய டிவி விற்கும் பரமண்ணையிடம் அவரையும் கூட்டிக்கொண்டு போய், ஒன்றை விமானத்தில் ஏற்றப் பொதிகட்டித் தரச் சொன்னேன். எந்த ஊருக்கு என்றார். சொன்னேன். பரமண்ணை மொரியை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, ஜப்பானுக்கே டிவி அனுப்புறியளோ? கொல்லன் தெருவில ஊசி விக்கிற ஆக்களை இண்டைக்குத்தான் பாக்கிறன்."

பறந்த கார்

டிவியைச் சுற்றி நின்று, தங்கள் கார் ஊர்வதைப் ஒசாகாவில் எல்லோரும் கண்ணாலேயே பார்த்தார்களாம். சாயோகோ வேகம் முழுவதையும் திருத்தி எழுதினார்.

நாடெங்கும் கிளைகள் வைத்திருந்த கடையொன்றுக்குச் சரக்கு எடுக்கும் பெண்மணி வந்து எங்கள் கேமை விளையாடினார். பிறகு, கையோடு கொண்டுவந்த பெரிய கம்பனியின் கேமைப் போட்டார். ஒரு சுற்று முடியுமுன்பே கையிலிருந்த விளையாட்டுக் கருவியைக் கீழே வைத்துவிட்டார். "இது ஏன் இப்படி ஊர்கிறது? எல்லாக் கிளைக்கும் உங்களுடையதையே அனுப்புங்கள்."

கம்பனி பிழைத்தது, நான் ரெய்னர்ஸ் லேனில் ராஜநடை நடந்தேன். கொல்லன் தெருவிலும் ஊசி விலைபோகும், அங்கே கிடைக்காத ஊசியாக இருந்தால்.