செவ்வாய்க்கிழமைச் சாப்பாடு

வாழைத்தண்டை வட்டம் வட்டமாக நறுக்கி, ஒவ்வொரு வட்டத்திலும் எழுந்து வரும் நாரை விரலில் சுற்றி எடுத்துக்கொண்டிருந்தாள் பாகீரதி. மற்ற நாட்களில் ஒரு ரசம், சுட்ட அப்பளத்தோடு அணைந்துவிடும் அடுப்பு, செவ்வாய்க்கிழமை மட்டும் விடிந்ததிலிருந்து எரியும். அன்றைக்குத்தான் சேஷன் சாப்பிட வருவான்.

சேஷன் இன்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்தான். அவன் அப்பாவுக்கு வித்துராவில் ஒரு காப்பிக்கடையில் சமையல் வேலை. மகனைத் திருவனந்தபுரத்தில் சோறு போட்டுப் படிக்கவைக்க அவருக்கு வகையில்லை. அதனால் கோட்டைக்குள் ஏழு வீடுகள் ஆளுக்கொரு நாள் ஏற்றுக்கொண்டிருந்தன. வாரச் சாப்பாடு என்று அதற்குப் பெயர்.

பாகீரதியின் கணவர் நாகேஸ்வரன் செக்ரடேரியட்டில் குமாஸ்தாவாக இருந்தவர். போய் ஆறு வருஷமாகிறது. பிள்ளை குட்டி இல்லை. ஊரிலிருந்து வருஷத்துக்கு இரண்டு தடவை நெல் வந்துவிடும். பேசத்தான் ஆள் வராது. பால்காரியிடம் "நாழி போதும்" என்பதோடு அவளுடைய ஒரு நாள் பேச்சு முடிந்துவிடும். சேஷன் வந்தாலோ, லாபில் எந்தக் குப்பி உடைந்தது, எந்த சாருக்கு எப்படிக் கோபம் வரும் என்று நடித்துக் காட்டிக்கொண்டே மூன்று தடவை சாதம் வாங்குவான்.

அன்று காலை வாசலில் வந்து நின்றவர் வேறு ஆள். பழவங்காடியில் ஒரு ஜவுளி வியாபாரி ஏழை மாணவர்களுக்காக எழுதிவைத்துவிட்டுப் போன தர்மநிதியின் குமாஸ்தா, சிவதாணு பிள்ளை. நாகர்கோவில் பக்கத்துக்காரர்.

"சேஷன்னு ஒரு பையன் மனு போட்டிருக்கான். விசாரிக்க வந்தேனாக்கும். ஆதரவில்லாத பையன்தானாம்மா?"

"கிடைச்சா என்ன குடுப்பேள்?"

"காலேஜ் பீஸ் முழுசும். மெஸ்ஸில ரெண்டு நேரம் சாப்பாடும் உண்டு. பொறவு பையன் வீடு வீடா ஏறி இறங்க வேண்டாம் பாருங்க."

பாகீரதியின் விரலில் நார் சுற்றியபடியே நின்றது.

"ஏறி இறங்கறானா? யார் சொன்னா? அவன் இந்த ஆத்துப் பிள்ளை மாதிரி. ஒரு குறைச்சலும் இல்லை. நான் இருக்கேன், பின்னே என்ன? பிள்ளை தங்கம்." கல்யாணத்துக்கு விசாரிக்க வந்தவரிடம் சொல்வதுபோல இன்னும் நிறையச் சொன்னாள்.

"தங்கம்னா எங்களுக்கு இங்க வேலையில்லையேம்மா" என்று சிரித்தார் சிவதாணு பிள்ளை. எழுதிக்கொண்டு போனார்.

அடுத்த செவ்வாய் சேஷன் ஒரு தடவைதான் சாதம் வாங்கினான்.

"மதி, மாமி. போதும்."

"என்னடா, வாயில கொழுக்கட்டையா?"

சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினான். ஆதரவு உள்ளவர் என்று தெரிவதால் மனு தள்ளப்பட்டது என்றிருந்தது. முப்பதாம் தேதிக்குள் பீஸ் கட்டாவிட்டால் காலேஜில் பெயரை அடித்துவிடுவார்கள்.

"அப்பா கிளம்பி வரச்சொல்லி எழுதிட்டார். தோசைக்கல்லுக்கு ஆள் வேணுமாம்." இலையைப் பார்த்தபடி சொன்னான். "ஏழு ஆத்துல யாரோ என்னமோ சொல்லியிருக்கா. யாருன்னுதான் தெரியலை."

அவள் மோர் ஊற்றினாள். அது சோற்றில் நிற்காமல் இலையைத் தாண்டி ஓடியது.

மறுநாள் காலை குடையை எடுத்துக்கொண்டு பழவங்காடிக்கு நடந்தாள். பெருமைக்குச் சொன்னது என்று வழியெல்லாம் தனக்கே சொல்லிப் பார்த்தாள். மெஸ் என்ற பேச்சு காதில் விழுந்த பிறகுதான் அந்தப் பெருமை வந்தது என்பதும் கூடவே நடந்து வந்தது.

ஜவுளிக்கடைக்கு மேலே சின்ன அறை. சிவதாணு பிள்ளை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் சொன்னது தப்பு" என்றாள் பாகீரதி. "அந்தப் பையன் எனக்கு யாரும் இல்லை."

"மத்த ஆறு வீட்லயும் அப்படித்தான் சொன்னாவ. நீங்க மட்டுந்தான் வீட்டுப் பிள்ளைன்னிய."

"வெறுதே, சும்மா சொன்னேன். வாரத்துல ஒரு வேளை, மிஞ்சினதைப் போடறது. நாளைக்கே நிறுத்தினாலும் நிறுத்துவேன். அவனைப் பார்த்துக்க ஒருத்தரும் இல்லை."

"அப்படியே எழுதிக் குடுங்க."

மேற்படி சேஷன் எனக்கு உறவோ வேண்டியவனோ அல்ல என்று எழுதினாள். வேண்டியவன் என்ற இடத்தில் நிப்பு காகிதத்தைக் கிழித்தது. பரவாயில்லை என்று சொல்லி அதன் மேல் ஒற்றுத்தாளை வைத்து அழுத்தினார் அவர். படித்துப் பார்த்துவிட்டு மனுவோடு சேர்த்துக் கட்டினார்.

"கமிட்டியில சொல்லி வாங்கித் தந்திருவேன். ஒண்ணாந்தேதி மெஸ் தொடங்கும். பொறவு பையன் உங்க வீட்டுக்குச் சாப்பிட வரப்பிடாது. வந்தா எனக்காக்கும் சிக்கல்."

"வரமாட்டான்."

கட்டின கட்டை அலமாரியில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒண்ணு கேக்கட்டா? அன்னைக்கு நான் வரும்போ அவ்வளவு வாழைத்தண்டு நறுக்கிட்டு இருந்தியளே. வீட்ல வேற ஆளையும் காணல. மிஞ்சினதுதான் போடுவியன்னா, அது யாருக்காக்கும்?"

பாகீரதி மூலையில் சாய்த்திருந்த குடையை எடுத்துக்கொண்டாள். நிலை இடிக்காமல் தலையைக் குனிந்து, அறையை விட்டுப் போனாள்.