முதல் பெஞ்சும் எடின்பரோ பீரங்கியும்

ரங்கூனில் எங்கள் தமிழ்க் கத்தோலிக்கக் கோயிலில் பீடத்தை மறிக்கும் கிராதிக்கு எதிரே ஆண்கள் பக்கம் இரண்டு பெஞ்சுகள் போட்டிருக்கும். அதற்குப் பின்னால் வாசல்வரை பாய். பெண்கள் பக்கமும் அப்படியே. முதல் பெஞ்சு கம்பெனி ஆபீசுகளின் பெரிய குமாஸ்தாக்களுக்கு, இரண்டாவது சின்னக் குமாஸ்தாக்களுக்கு. ஆலைக்கூலி, துறைமுகத்தார், துரைமார் வீட்டுச் சமையற்காரர் எல்லோருக்கும் பாய். ஆண்டவர் முன்னிலையில் அனைவரும் சமம் என்று சாமியார் மாதம் ஒரு முறையாவது பிரசங்கம் செய்வார். பெஞ்சில் இருப்பவர்கள் ஒப்புக்கொண்டு தலையாட்டுவார்கள்.

எங்கள் ஊரில் பி.ஏ. தேறிய முதல் ஆள் நான். தேறிய செய்தி வந்த அன்று வேட்டுப் போட்டார்கள். அப்படிப்பட்டவன் இங்கே வந்து கோயில் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரானபோது கமிட்டி எனக்கு ஒதுக்கியது இரண்டாம் பெஞ்சின் ஓரம், தூணுக்குப் பின்னால். பூசை எனக்குக் காதால்தான் கிடைத்தது. சூசைராஜுக்கு முதல் பெஞ்சு கிடைத்த கதையை நான் இவ்வளவு கவனமாக எழுதுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சூசைராஜ் ரங்கூனின் அலோன் பேட்டையில் ஆற்றோரத்து அரிசி ஆலை ஒன்றின் மானேஜர் மக்ரே துரையின் சமையற்காரர். அவர் மனைவி தெரேசா அதே வீட்டில் ஆயா. இருபது வருஷம் பாயில் உட்கார்ந்தவர்கள். 1926இல் துரை ஆறுமாத லீவில் தன் சொந்த ஊரான எடின்பரோவுக்குக் குடும்பத்தோடு போனார். சீமைச் சமையல் ரங்கூனில் பழகிய நாக்குக்குப் பிடிக்காது என்று சூசைராஜையும், குழந்தை வேறு கையில் போகாது என்று தெரேசாவையும் கூட்டிக்கொண்டு போனார்.

திரும்பி வந்த சூசைராஜ் வேறு ஆள். துரை கழித்துப் போட்ட கம்பளிக் கோட்டும் தொப்பியுமாகக் கிறிஸ்துமஸ் பூசைக்கு வந்து, பாயில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். முதல் பெஞ்சில் ஓர் இடம் காலியாக இருந்தது. பழைய குமாஸ்தா ஒருவர் பென்ஷன் வாங்கி நாகப்பட்டினம் போய்விட்டார். சீமை கண்டவரைப் பாயில் உட்காரவைத்தால் சீமையை அவமதித்ததாகும் என்று கமிட்டியில் ஒருவர் சொன்னார். சீமையை அவமதிக்க அந்தக் கமிட்டியில் யாருக்கும் தைரியம் இல்லை. என் பி.ஏ.வுக்குத் தூண், அவருடைய தொப்பிக்கு முதல் பெஞ்சு.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் எடின்பரோதான்.

"ஊர் பூரா பூட்சுங்க. கெழவன் கெழவி கொழந்த குஞ்சு எல்லாம் பூட்சு. ஒரு வெறுங்காலு பாத்திருப்பேன்னு நெனைக்கிறீங்க? ம்ஹூம்!"

"பொம்பளைங்க?"

"முழங்கால்வரைக்கும் உறை. அதுவும் கம்பளி. நாய்கூட மழையில கால ஒதறிட்டுத்தான் நடக்கும்."

அவர் சொன்ன எடின்பரோ முழுவதும் முழங்காலுக்குக் கீழேயே நடந்தது என்பதை அப்போது நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. சரித்திரம் படித்த நானும் கவனிக்கவில்லை.

ஆனால் அவருடைய கதைகளுக்கெல்லாம் மகுடம் கோட்டைப் பயணம். துரை குடும்பம் ஒருநாள் ஊர் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டது. சூசைராஜும் தெரேசாவும் கூடப் போனார்கள்.

"மலைமேல கோட்டை. எங்க துரை உள்ள கால வச்சாரு பாருங்க. வச்சதுதான் தாமதம், மேலருந்து டும்முன்னு ஒரு பீரங்கி! மல அதிருது. இங்க லாட் துரை கப்பல்விட்டு எறங்குனா போடுவாங்கல்ல? அதே மரியாத. ரங்கூன்லருந்து மக்ரே வந்திருக்காருன்னு எவனோ மேல சொல்லிட்டான்."

இதைக் கேட்டு அலோன் ஆலைக்கூலிகளுக்கே முதுகு நிமிர்ந்தது. தாங்கள் வசவு வாங்குவது இத்தனை பெரிய மனிதரிடமா என்று.

முகம் சுளித்தவர் ஒருவர்தான்: மரியஜோசப். கப்பல் ஆபீசில் தலைமைக் குமாஸ்தா, கமிட்டியின் தலைவர். ஊரிலிருந்து வந்ததைத் தவிர, இருபத்திரண்டு வருஷத்தில் அவர் செய்த கப்பல் பயணம் எதிர்க்கரையிலிருக்கும் சிரியத்துக்குப் படகில் போய்வந்ததுதான். சீமைக்குப் போகும் ஒவ்வொரு கப்பலுக்கும் கையெழுத்துப் போட்டவர் அவர். பக்கத்தில் சீமைக்கே போய்வந்த சமையற்காரர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எப்படித் தாங்கும்?

அடுத்த மழைக்காலத்தில் அவருக்கு வழி பிறந்தது. மொகல் தெருவில் போட்டோ சாமான் கடை வைத்திருந்த கமால், ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரின் சாமான்களை ஏலத்தில் எடுத்தார். அதில் விளக்குவைத்துச் சுவரில் காட்டும் கண்ணாடிப் படங்கள் ஒரு பெட்டி. அத்தனையும் எடின்பரோ. பெட்டியின்மேல் அப்படி எழுதியிருந்தது; தனித்தனிப் படம் ஒன்றிலும் பெயர் இல்லை.

பூசை முடிந்ததும் மரியஜோசப் சூசைராஜின் தோளில் கை போட்டார். அதுவரை போட்டதில்லை.

"என்ன சூசை, ஒங்க எடின்பரோவே படமா வந்து எறங்கிருச்சாமே? வாயால சொன்னத இனி சொவத்துல காட்டிச் சொல்லிருங்க. சனங்க கண்ணு குளிரட்டும். கமிட்டியும் பாத்துச் சந்தோசப்படும். நம்ம பெஞ்சுல ஒக்காந்திருக்கிறவரு நெசமாவே என்ன பாத்தாருன்னு தெரியணுமில்ல?"

அவர் சிரிப்பில் சர்க்கரை இருந்தது. பெஞ்சு என்ற சொல் காதில் விழுந்ததும் சூசைராஜ் கையிலிருந்த தொப்பி நசுங்கியது.

அன்று மாலை என் அறைக்கு வந்தார்.

"வாத்தியார் தம்பி, நீங்க படிச்ச புஸ்தகத்துல எடின்பரோ படம் இருக்குமா?"

"ராஜாக்கள் பேரும் வருஷமும் இருக்கு. படம் இல்ல. நீங்கதான் நேர்ல பாத்தவராச்சே!"

வெகுநேரம் தொப்பியைச் சுழற்றினார். பிறகு சொல்லிவிட்டார். எடின்பரோவில் துரை வீட்டு அடுப்படி தரைக்குக் கீழே. ஜன்னல் கூரையை ஒட்டி. அதில் தெரிவது தெருவில் போகிறவர் கால்கள். காலை ஐந்து முதல் இரவு பத்துவரை ஆறுமாதம் அவர் கண்ட சீமை அதுதான்.

"கோட்டைக்குப் போனீங்கல்ல?"

"போனேன். கூடை இருந்துச்சே! பலகாரக் கூடை. உள்ள கொண்டாரப்படாதுன்னுட்டான். நீ வாசல்ல இரு சூசைன்னாரு துரை. இருந்தேன்."

"தெரேசாக்காகிட்டக் கேளுங்களேன். குழந்தைய வண்டியில வச்சுத் தள்ளிக்கிட்டு ஊரெல்லாம் போயிருப்பாங்களே?"

"அவ தெருத்தெருவா வண்டி தள்ளுனா, தம்பி. அது வேல. பாக்குறதுன்னா வேற." தொப்பியை மடியில் கவிழ்த்துவைத்து, "பொண்டாட்டிகிட்டக் கேட்டு லெக்சர் பண்ணச் சொல்றீங்களா?" என்றார்.

"அப்ப பேசாம பெஞ்ச விட்டுருங்களேன். ஒரு பலகைதானே!"

அவர் என்னைப் பார்த்த பார்வையில், நான் பி.ஏ. என்பதையே ஒரு கணம் மறந்துபோனேன்.

"ஒக்காந்திருக்கவங்க முன்னால நின்னே எனக்கு வயசாயிருச்சு தம்பி. வாரத்துக்கு ஒரு மணி நேரம், அவங்க பக்கத்துல, அவங்க ஒசரத்துல ஒக்காருறேன். அத விடச் சொல்றீங்க."

பள்ளிக்கூட மண்டபத்தில் சனிக்கிழமை மாலை கூட்டம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். மழைக்குக் குடையோடு வந்தவர்கள் குடையை மடக்காமலே இடம் பிடித்தார்கள். முன்னுரை என்னுடையது. ஸ்காட்லாந்து தேசத்து அரசர்களை வரிசைக்கிரமமாக, வருஷத்தோடு, இருபத்தைந்து நிமிஷம் சொன்னேன். ஐந்தாவது அரசரிலேயே தூங்கிவிட்டவர்கள், பேச்சு நின்ற நிசப்தத்தில் விழித்துக் கைதட்டினார்கள்.

கமால் விளக்கை ஏற்றினார். வெள்ளைவேட்டி கட்டிய சுவரில் அகலமான தெரு. அதன் ஓரத்தில் ஆகாயத்தைக் குத்தும் கறுப்புக் கோபுரம்.

சூசைராஜ் தொண்டையைச் செருமினார். "இது... கோயிலு."

"எந்த அர்ச்சியசிஷ்டர் பேருல கட்டுன கோயிலு?" என்று பணிவாகக் கேட்டார் மரியஜோசப்.

"அங்க உள்ளவருக்கு."

அடுத்த படம் ஓர் அரண்மனை. அது துரையின் மாமனார் வீடு என்றார். முன்வரிசையில் யாரோ இருமினார்கள். அதற்கடுத்த படத்தில் மலை, மலைமேல் கோட்டை. சூசைராஜுக்கு உயிர் வந்தது. பீரங்கிக் கதையை எடுத்தார். மக்ரே துரை கால் வைத்தார், டும் என்றது, மலை அதிர்ந்தது. பின்னால் ஆலைக்கூலிகள் கைதட்டினார்கள்.

மரியஜோசப் எழுந்தார். இதற்காகவே காத்திருந்தவர்போல வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டார்.

"ஒரு சின்ன சந்தேகம். எங்க ஆபீசுக்கு வர்ற கப்பித்தான்மார் சொல்லியிருக்காங்க. எடின்பரோக் கோட்டையில தெனம் பகல் ஒரு மணிக்கு ஒரு பீரங்கி போடுவான். கப்பக்காரன் கடியாரத்தச் சரிபண்ண. ஞாயித்துக்கிழம கெடையாது. மக்ரே துரை என்ன, தெனம் ஒரு மணிக்குக் கோட்டைக்குப் போவாரா?"

சிரிப்பு மண்டபத்தை நிரப்பியது. சூசைராஜ் ஆறுமாதம் தினம் அடுப்படியில் கேட்ட சத்தம் அது. பக்கத்தில் எங்கோ வெடிவைத்துக் கல் உடைக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார். இரண்டும் ஒன்றென்று அந்த நிமிஷம்தான் அவருக்கு உறைத்தது.

"போகட்டும். கோட்டைக்குள்ள என்ன பாத்தீங்க? அதச் சொல்லுங்க."

சூசைராஜ் சுவரிலிருந்த கோட்டையைத் திரும்பிப் பார்த்தார்.

"அவரு உள்ள வரல." பெண்கள் பக்கத்திலிருந்து குரல். தெரேசா எழுந்து நின்றிருந்தாள். கூட்டத்தில் பெண்பிள்ளை பேசுவது வழக்கமில்லை. யாரும் பேசாததால், பேசக்கூடாது என்று அதுவரை யாரும் எழுதிவைக்கவும் இல்லை. "சும்மா நோண்டாதீங்க பெரியவரே. அவரு கூடைக்குக் காவல் இருந்தாரு. உள்ள நான் போனேன். என்னக் கேளுங்க."

மரியஜோசப் உட்கார்ந்துவிட்டார். தெரேசா தானே சொன்னாள்.

"உள்ள ஒரு ராணி பிள்ள பெத்த அறை இருக்கு. அறையா அது! நம்ம அடுப்படி பெருசு. சன்னலுக்கு வெளிய எட்டிப்பாத்தா நேரா பாதாளம். அந்த மகராசி எப்படி வலி பொறுத்தாளோ. அப்பறம் கண்ணாடிக்குள்ள கிரீடம். அதுக்கு ரெண்டு சோல்ஜர் காவல். ஒரு மூலையில நாய்க்குக் கல்லறை."

"நாய்க்கா!"

"ஆமா. பட்டாளத்து நாய். வரிசையா கல்லு நட்டு, பேரு வெட்டி வச்சிருக்கான்."

"எங்கப்பன் செத்து ஒம்பது வருசம். இன்னும் ஒரு கல்லு வைக்கல" என்றது பாயிலிருந்து ஒரு குரல்.

"கமால் பாய், முன்னாடி காட்டுன கறுப்புக் கோபுரத்தப் போடுங்க. இது கோயில் இல்ல. யாரோ கத எழுதுனவருக்குக் கட்டுனதாம். கொழந்தையத் தூக்கிக்கிட்டு உச்சிவரைக்கும் ஏறுனேன். தொரசானி அம்மா பாதியில ஒக்காந்துட்டாங்க. மேல நின்னா கடல் தெரியும்."

அரண்மனை, பாலம், சரிவுச் சந்துகள் என்று படத்துக்குப் படம் சொல்லிக்கொண்டே போனாள். எந்த மேட்டில் வண்டி ஏறாது, எந்தத் தெருவில் காற்று தள்ளும் என்பதுவரை. என் இருபத்தைந்து நிமிஷத்தில் இல்லாத ஓர் ஊர் சுவரில் நின்றது. சூசைராஜ் ஓரமாக ஒதுங்கி, பரிமாறும்போது நிற்பதுபோலக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கடைசிப் படம் கோட்டை வாசல். பக்கத்தில் மதிலை ஒட்டி ஒரு கல்.

"நிறுத்துங்க பாய்!" சூசைராஜ் சுவரருகே ஓடினார். அவர் நிழல் கோட்டையின்மேல் விழுந்தது. "இந்தக் கல்லு! இதுமேலதான் ஒக்காந்திருந்தேன். சத்தியமா! நாலு மணி நேரம். இந்தா இங்க கூடை. இங்க ஒரு சோல்ஜர், பாவாட கட்டுனவன், அந்த ஊரு பட்டாளத்து உடுப்பே அதுதான். குளிர்ல அவன் முழங்காலு ரெண்டும் நீலம் பாரிச்சுப்போச்சு. நான் சீமையில பாத்த ஒரே வெறுங்காலு அதுதான். மனசு கேக்கல. கறிப்பஃப் ஒண்ண எடுத்து நீட்டுனேன். அவன் காவலுக்கு நிக்கிறவன், அசையல. வாயத் தொறந்து காட்டுனான். ஊட்டிவிட்டேன். அந்நேரம் மேல டும்முனு வெடிச்சுது பாருங்க, நானும் கூடையும் உருண்டுட்டோம்! அவன் மென்னுகிட்டே சிரிக்கிறான், ஆனா அசையல!"

இப்போது எழுந்த சிரிப்பு வேறு. தெரேசாவே வாயைப் பொத்திக்கொண்டாள். இந்தக் கதையை அவளுக்கும் அவர் சொல்லியிருக்கவில்லை.

மறுநாள் கமிட்டி கூடியது; குறிப்பு எழுத என்னையும் அழைத்திருந்தார்கள். பெஞ்சு சீமை கண்டவருக்குக் கொடுக்கப்பட்டது. சீமை கண்டது தெரேசா. ஆகவே சூசைராஜ் பாய்க்குப் போகவேண்டும் என்றார் மரியஜோசப். அப்படியானால் தெரேசாவுக்குப் பெண்கள் பக்கத்து முதல் பெஞ்சைக் கொடுக்கவேண்டும் என்றேன் நான். அந்தப் பெஞ்சில் மரியஜோசப்பின் மனைவி இருதயம்மாள் இருந்தாள். வீட்டில் அவளிடம் கேட்டுவிட்டுத் திரும்பிய மரியஜோசப், அங்கே ஓர் ஆளுக்கும் இடமில்லை என்று தெரிவித்தார். குரல் அடங்கியிருந்தது.

மூன்று மணி நேர விவாதத்துக்குப் பின் தீர்மானம் ஆயிற்று. எழுதியது நான்: "சீமை கண்டவர் தெரேசா அம்மாளே என்பது ருசுவாகிவிட்டபடியால், ஸ்திரீகள் பெஞ்சில் இடமில்லாததையும் புருஷர்கள் பெஞ்சில் ஸ்திரீகள் அமர வழக்கமில்லாததையும் முன்னிட்டு, மேற்படி அம்மாளின் பிரதிநிதியாக அவர் புருஷன் சூசைராஜ் முதல் பெஞ்சில் அமரலாம்."

தெரேசாவிடம் படித்துக் காட்டினேன். "ஒக்காரட்டும் தம்பி. அந்தக் கல்லுல நாலு மணி நேரம் ஒக்காந்த மனுசன்தானே" என்றாள். பெஞ்சு தனக்கு வேண்டியதில்லை. பாயில் வாசலோரம் இருந்தால்தான் யார் வந்தார்கள், யார் பாதியில் நழுவினார்கள் என்று தெரியுமாம்.

இப்போதும் பூசை முடிந்ததும் எடின்பரோ பற்றி யாராவது கேட்கிறார்கள். "இருங்க, கேட்டுச் சொல்றேன்" என்று பிரதிநிதி பெண்கள் பக்கம் போய்வருகிறார்.

போன ஞாயிறு தூணைச் சுற்றித் தலையை நீட்டிப் பார்த்தேன். எல்லோரும் எழுந்து நின்று கேட்கவேண்டிய சுவிசேஷ வாசகம் தொடங்கியது. மரியஜோசப் எழுந்தார், முதல் பெஞ்சு முழுவதும் எழுந்தது, பாயும் எழுந்தது. சூசைராஜ் மட்டும் மடியில் தொப்பியோடு, ஒரு மூச்சு நேரம் கூடுதலாக உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகு எழுந்தார்.