வேல்விழி சேர்த்த சோடி

ஆண்டிபட்டி வேல்விழி மேகமலைக்கு வேனில் ஆள் கூட்டிப் போகிறவள். காட்டில் ஆள் தொலைந்துவிடக் கூடாதே என்பதுதான் அவளுக்குப் பெரிய பயம். அதனால் ஏறும்போதே எல்லாரையும் இரண்டிரண்டு பேராகச் சோடி சேர்த்து, "சோடியக் காணோம்னா உடனே சத்தம் போடணும்" என்று சொல்லிவிடுவாள்.

போன மாசம் மாயக்காளையும் ஒச்சம்மாளையும் சேர்த்தாள். சம்பந்திகள்தானே, ஒட்டிக்கொண்டு இருப்பார்கள் என்று நினைத்துவிட்டாள். கல்யாணப் பந்தியில் அப்பளம் வைக்காத நாளிலிருந்து இருவருக்கும் பேச்சு கிடையாது என்பது பாவம், அவளுக்கு எப்படித் தெரியும்?

டீக்கு நிறுத்திக் கிளம்பி இரண்டு வளைவு தாண்டிய பிறகுதான் ஒச்சம்மாளின் இருக்கை காலியாகக் கிடப்பதை வேல்விழி பார்த்தாள். யானை நடமாடும் இடம். மாயக்காளிடம் ஓடினாள்.

"ஆத்தா, உங்க சம்பந்தி எங்க? ஏன் சத்தம் போடல?"

"பேச்சே இல்லாதவளுக்கு நான் எதுக்குச் சத்தம் போடணும்?" என்றாள் மாயக்காள்.

"எங்கன போனாகன்னாவது தெரியுமா?"

"தெரியாம என்ன? கடைக்குப் பின்னால கக்கூசு. மஞ்சப்பையோட போனா. அந்தக் கதவுக் கொண்டிய உள்ள போட்டா திறக்காது. மாட்டிக்கிட்டிருப்பா."

வேன் திரும்பியது. ஒச்சம்மாள் அங்கேதான் கதவை உதைத்துக்கொண்டிருந்தாள்.

இப்போதெல்லாம் வேல்விழி, ஆகாதவர்களாகப் பார்த்துத்தான் சோடி சேர்க்கிறாள்; அவர்களைப் போல் ஒருவரையொருவர் கண்கொத்திப் பாம்பாய் யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? சத்தம் போட மட்டும், பின் இருக்கையில் தனியாக ஒரு வாயாடியை உட்கார்த்திவிடுகிறாள்.