அத்தை அதட்டிய நாள்

அத்தை என் அப்பாவை அதட்டியதை நான் ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். தென்காசியில் நர்ஸாக இருந்தாலும் வீட்டில் அவள் கடைக்குட்டி. உடம்பைப் பற்றி எங்கள் வீட்டார் கேட்பதெல்லாம் பெரியப்பாவைத்தான். அவர் பிரஷர் பார்க்கும் மெஷின் வைத்திருந்தார்.

எனக்கு அப்போது பத்து வயது. சாரல் நாளொன்றில் எல்லோருமாக ஐந்தருவிக்குப் போயிருந்தோம். குளித்துவிட்டு ஓடையைத் தாண்டும்போது அப்பா வழுக்கி, உடைந்த பாட்டில் மேல் விழுந்தார். கணுக்காலுக்கு மேல் ஆழமாகக் கிழிந்து ரத்தம் பீறிட்டது. எனக்கு அழக்கூட வரவில்லை.

அத்தை அவரைக் கரையில் படுக்கவைத்து, துண்டை மடித்துக் காயத்தில் அமுக்கினாள். என்னை அப்பாவின் கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். கை சில்லென்றிருந்தது. அருவிக் குளிர் என்று நினைத்தேன்.

"ஒண்ணுமில்லட்டி, ஒரு கட்டுப் போட்டா சரியாயிரும். சாப்பிட்டுட்டுப் போவோம்" என்று அத்தையிடம் சொன்னார் அப்பா.

பெரியப்பா பையிலிருந்து மெஷினை எடுத்து மாட்டினார். நூற்றிருபதுக்கு எண்பது. "நார்மலாத்தான் இருக்கு. நீ எதுக்குட்டி பதறுத?" என்று அத்தையைப் பார்த்துச் சிரித்தார். எல்லோருக்கும் மூச்சு வந்தது. அம்மா சோற்றுப் பொட்டலங்களைப் பிரிக்கக்கூடப் போய்விட்டாள்.

அத்தை ஒரு கையைத் துண்டிலிருந்து எடுக்காமலே மறுகையால் நாடி பிடித்துப் பார்த்தாள். "நாடி என்னா ஓட்டம் ஓடுது. பிரஷர் இன்னும் விழல, அவ்வளவுதான். விழுறதுக்குள்ள போயிரணும். பெரியண்ணே, காரை எடுங்க."

அப்பா எழுந்திருக்கப் பார்த்தார். "பேசாம படுண்ணே" என்று ஓர் அதட்டல் போட்டாள். அப்பா படுத்துவிட்டார். பெரியப்பா காரை நோக்கி ஓடினார்.

தென்காசி வரை அவள் கை அந்தத் துண்டை விட்டு நகரவில்லை. அப்பா தண்ணீர் கேட்டுக்கொண்டே வந்தவர், ஆஸ்பத்திரி வாசலில் பேச்சை நிறுத்திவிட்டார். உள்ளே அளந்தபோது அந்த நூற்றிருபது எண்பதாக இறங்கியிருந்தது. ரத்தம் ஏற்றினார்கள், அறுந்த ரத்தக் குழாயைக் கட்டித் தைத்தார்கள். வெளியே வந்த டாக்டர் அத்தையிடம், "அமுக்கிப் பிடிச்சுச் சீக்கிரம் கொண்டுவந்தீங்க, பிழைச்சிட்டார்" என்றார். பெரியப்பா தன் கையாலேயே அத்தைக்கு டீ வாங்கிவந்து கொடுத்தார். நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம், "அது எங்க அத்தை" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மெஷின் பொய் சொல்லிவிட்டது என்றே வெகுநாள் நம்பியிருந்தேன். அது சரியாகத்தான் காட்டியிருக்கிறது. ரத்தம் குறையக் குறைய அப்பாவின் இதயம் வேகத்தைக் கூட்டி, கைகால்களுக்குப் போகும் குழாய்களை உடம்பு இறுக்கி, மிச்சமிருந்ததை மூளைக்கும் நெஞ்சுக்குமாகத் திருப்பி, அந்த நூற்றிருபதைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. ஓடைக்கரையில் அத்தையோடு சேர்ந்து அப்பாவின் உடம்பும் போராடிக்கொண்டிருந்தது. சில்லிட்டிருந்த அந்தக் கையைப் பிடித்திருந்த எனக்குத்தான் அது தெரியவில்லை.